கண்டங்கள் எத்தனை? – ஒரு கணக்குத் திருத்தம்

மலர்க்குழுவினர் ஆண்டுதோறும் என்னிடம் கட்டுரை கேட்பதும், நான் இரவில் கடைக் கணக்கை முடித்துவிட்டு உட்கார்ந்து சமண இலக்கியம் பற்றி ஏதேனும் எழுதிக் கொடுப்பதும் வழக்கம். இம்முறை பொருள் வேறு. நான் செய்த ஒரு பிழையைத் திருத்திக்கொள்ள இதை எழுதுகிறேன். கணக்கில் தப்பு தெரிந்தால் அழித்து எழுதக்கூடாது, தனியாகத் திருத்தப் பதிவு போட வேண்டும் என்பது என் தகப்பனார் கற்றுக்கொடுத்த பழக்கம். இக்கட்டுரை அப்படி ஒரு பதிவு.

சென்ற பொங்கல் விழாவில் சிறுவர்களுக்கான வினாடி வினாவுக்கு என்னை நடுவராக உட்கார வைத்தார்கள். "உலகில் கண்டங்கள் எத்தனை?" என்று ஒரு கேள்வி. பதினோரு வயதிருக்கும் ஒரு பெண் குழந்தை எழுந்து "ஆறு" என்றாள். அரங்கில் சிரிப்பு. நான், "இல்லம்மா, ஏழு" என்றேன். அவள் உட்காரவில்லை. "எங்க ஸ்கூல்ல ஆறுன்னுதான் சொல்லிக்கொடுத்தாங்க தாத்தா. அமெரிக்கா ஒண்ணுதானே?" என்றாள். மறுபடியும் சிரிப்பு. நான் பூஜ்யம் போட்டேன். அந்த ஒரு மதிப்பெண்ணில் அவளுக்கு மூன்றாம் பரிசு போயிற்று.

விழா முடிந்து சாப்பாட்டுப் பந்தியில் அவள் தாயார் என்னைத் தேடி வந்தார். தகப்பனாரின் வேலை நிமித்தம் அக்குடும்பம் சில ஆண்டுகள் பிரேசிலில் இருந்துவிட்டு மும்பைக்கு வந்திருக்கிறது. மறுவாரம் அந்தப் பள்ளிப் புத்தகத்தையே என் கடைக்குக் கொண்டுவந்து காட்டினார். போர்ச்சுகீசிய எழுத்து எனக்குப் படிக்கத் தெரியாது, படம் தெரியும். வட அமெரிக்காவும் தென் அமெரிக்காவும் ஒரே நிறத்தில் இருந்தன. "ஐயா, மார்க்குக்காக வரல. அவ தப்பா உளறலைன்னு உங்களுக்குத் தெரியணும், அவ்வளவுதான்" என்றார். அன்று எனக்கு வியாபாரம் ஓடவில்லை. நாற்பது வருடமாகப் படிக்கிறேன் என்று சொல்லிக்கொள்கிறவன், என் எட்டாம் வகுப்புப் புத்தகத்தில் இருந்ததை ஒருமுறை கூடக் கேள்வி கேட்காமல் ஒரு குழந்தையின் மேல் வீசியிருக்கிறேன்.

இலக்கணமும் பட்டியலும்

நம் பாடநூல்கள் கண்டம் என்றால் என்ன என்று முதலில் சொல்கின்றன: கடல் சூழ்ந்த, தொடர்ச்சியான பெருநிலப்பரப்பு. அடுத்த வரியிலேயே பட்டியல் தருகின்றன: ஆசியா, ஆப்பிரிக்கா, வட அமெரிக்கா, தென் அமெரிக்கா, அண்டார்டிகா, ஐரோப்பா, ஆஸ்திரேலியா. மனப்பாடம் செய்த நாம் இவ்விரண்டு வரிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கவே இல்லை.

வைத்துப் பாருங்கள். ஆசியாவுக்கும் ஐரோப்பாவுக்கும் நடுவே எந்தக் கடல் ஓடுகிறது? ரஷ்ய நாட்டின் நடுவில் கால் நனையாமல் நடந்து போகலாம். ஆசியாவும் ஆப்பிரிக்காவும் சூயஸில் ஒட்டிக்கொண்டிருந்தன. அங்கே இருக்கும் தண்ணீர் 1869-இல் திறக்கப்பட்ட கால்வாயின் தண்ணீர். இரு அமெரிக்காக்களும் பனாமாவில் ஒட்டியவை. அங்கே 1914-இல் கால்வாய் வந்தது. மனிதன் வெட்டிய வாய்க்காலைக் கடல் என்று ஒப்புக்கொண்டால் கண்டங்களை மண்வெட்டியால் உண்டாக்கலாம் என்றாகிவிடும். ஆகவே புத்தகத்தின் இலக்கணப்படி எண்ணினால் மிஞ்சுவது நாலுதான்: ஆப்பிரிக்காவும் ஆசியாவும் ஐரோப்பாவும் சேர்ந்த ஒன்று, அமெரிக்கா ஒன்று, அண்டார்டிகா, ஆஸ்திரேலியா. சரக்குச் சீட்டில் ஏழு கட்டு, லாரியில் நாலு கட்டு. வியாபாரி இதற்குக் கையெழுத்துப் போடமாட்டான். நாம் தலைமுறை தலைமுறையாகப் போட்டுக்கொண்டிருக்கிறோம்.

ஏழுதான் உலகம் முழுக்கச் சொல்லிக்கொடுக்கும் எண் என்றும் இல்லை. ஸ்பெயினிலும் தென் அமெரிக்க நாடுகளிலும் அமெரிக்கா ஒன்று, ஆகவே ஆறு. ஒலிம்பிக் கொடிக்கு 1913-இல் கூபர்த்தேன் வரைந்த ஐந்து வளையங்களும் ஐந்து கண்டங்களைக் குறிப்பவை. மக்கள் குடியிருக்கும் கண்டங்களில் அமெரிக்காவை ஒன்றாக எண்ணினால் ஐந்து வரும். ரஷ்யர்களிடம் இரண்டு தனித்தனிச் சொற்கள் உள்ளன. 'மாத்தெரிக்' என்றால் இயற்கையான பெருநிலம். அந்தக் கணக்கில் ஐரோப்பாவும் ஆசியாவும் சேர்ந்து யூரேசியா, அமெரிக்கா இரண்டு, மொத்தம் ஆறு. 'சாஸ்த் ஸ்வேத்தா' என்றால் உலகின் பகுதி. அந்தக் கணக்கில் ஐரோப்பா வேறு, ஆசியா வேறு, அமெரிக்கா ஒன்று, மொத்தம் மறுபடி ஆறு. ஒரே பள்ளிக்கூடத்தில் இரண்டு ஆறு! இரண்டுக்கும் இரண்டு பெயர் இருப்பதால் அங்கே பிள்ளைகளுக்குக் குழப்பமில்லை.

சண்டை பழையது

இந்தச் சண்டை கிரேக்கர்களிடமே தொடங்கிவிட்டது. ஏஜியன் கடலின் இரு கரைகளிலும் வாழ்ந்த அவர்களுக்குக் கிழக்குக் கரை ஆசியா, மேற்குக் கரை ஐரோப்பா. தெற்கே லிபியா என்று அவர்கள் அழைத்த ஆப்பிரிக்கா. கடலோடிகளுக்கு அது போதுமானதாக இருந்தது. உள்நாட்டில் எங்கே எல்லை என்றதும் தகராறு. ஆசியாவுக்கும் லிபியாவுக்கும் நைல் நதிதான் எல்லை என்றார்கள் சிலர். கி.மு. ஐந்தாம் நூற்றாண்டில் ஹெரோடோட்டஸ் இதைக் கிண்டல் செய்கிறார்: நைல் பிரிந்து ஓடும் முகத்துவார நிலம் எந்தப் பக்கமும் சேராதே, அதை நாலாவது கண்டமாக எண்ண வேண்டாமா என்று கேட்கிறார். ஒன்றாக இருக்கும் பூமிக்கு ஏன் மூன்று பெயர், அதுவும் பெண்களின் பெயர், என்பதும் தமக்கு விளங்கவில்லை என்கிறார். இரண்டாயிரத்து நானூறு ஆண்டுகளுக்கு முன் ஒருவர் கேட்ட கேள்வியை ஒரு குழந்தை கேட்டபோது நான் பூஜ்யம் போட்டேன்.

ஐரோப்பாவின் கிழக்கெல்லையாக நெடுங்காலம் டான் ஆறு இருந்தது. வடக்கே போனால் அந்த ஆறே முடிந்துவிடுகிறது. அதற்கு மேல் எல்லை எங்கே? 1709-இல் பொல்டாவா போரில் ரஷ்யர்களிடம் சிறைப்பட்டு, சைபீரியாவில் பல்லாண்டு கழித்த ஸ்ட்ராலென்பெர்க் என்னும் ஸ்வீடிஷ் படை அதிகாரி, 1730-இல் வெளியிட்ட நூலில் யூரல் மலைத்தொடரை எல்லையாக்கினார். ரஷ்ய அறிஞர் தாத்திஷ்சேவ், அந்த யோசனை தம்முடையது என்றார். யாருடையதாயினும் சரி, ரஷ்யாவின் தலைநகரங்கள் ஐரோப்பாவிலும் சைபீரியா ஆசியாவிலும் வந்து விழுந்தது ஐரோப்பிய அரசாக நிமிர விரும்பிய ரஷ்ய அரசுக்கு வசதியாக இருந்தது.

அந்த யூரலின் மிக உயர்ந்த சிகரம் 1,895 மீட்டர். நம் நீலகிரியின் தொட்டபெட்டா 2,637 மீட்டர். தொட்டபெட்டாவை விடக் குட்டையான மலை ஒரு கண்டத்தை உண்டாக்குகிறது. எட்டாயிரம் மீட்டருக்கு மேல் எழும் இமயத்துக்குத் தெற்கே இருக்கும் நாம் 'துணை'க் கண்டம்! துணை என்ற அடைமொழியை நமக்குக் கொடுத்த அளவுகோல் எது, ஐரோப்பாவுக்கு அந்த அடைமொழியை விட்டுவைத்த அளவுகோல் எது என்று கேட்டால் பதில் மலையில் இல்லை. பேனா யார் கையில் இருந்தது என்பதில் இருக்கிறது. தெற்கெல்லையும் இப்படித்தான். காக்கசஸ் மலைமுகட்டை எல்லையாக வைத்தால் 5,642 மீட்டர் எல்புரூஸ் ஐரோப்பாவின் உயர்ந்த சிகரம். எல்லையைச் சற்று வடக்கே தள்ளினால் அந்தப் பட்டம் ஆல்ப்ஸின் மோன் பிளாங்குக்குப் போகிறது. இதுவும் நம் பிள்ளைகளின் பொது அறிவுக் கேள்விதான்.

அமெரிக்காவுக்கு வருவோம். 1507-இல் வால்ட்சேமுல்லர் வரைந்த உலகப்படம் புதிய நிலத்துக்கு அமெரிக்கா என்று பெயரிட்டது. ஐரோப்பா, ஆசியா, ஆப்பிரிக்காவுக்கு அடுத்த நாலாவது பகுதி என்று அது ஒன்றாகவே எண்ணப்பட்டது. ஐக்கிய அமெரிக்காவின் புவியியலாளர்களிடையே வடக்கு வேறு, தெற்கு வேறு என்பது உறுதிப்பட்டது 1950-களில்தான். நாம் ஆங்கில வழிப் பாடநூல்களைப் பின்பற்றியதால் நமக்கு ஏழு வந்தது.

சொல்லிலேயே இருக்கும் சிக்கல்

இனி, என் மனத்தில் பட்ட ஒரு கருத்து. ஆங்கிலத்தில் 'காண்டினென்ட்' என்னும் சொல் லத்தீன் மொழியில் 'தொடர்ந்து ஒட்டியிருக்கும் நிலம்' என்னும் பொருளுடைய தொடரிலிருந்து வந்தது. நம் 'கண்டம்' எங்கிருந்து வந்தது? வெட்டப்பட்ட துண்டு என்னும் பொருளுடைய வடசொல்லிலிருந்து. கண்டதுண்டமாக வெட்டினான் என்கிறோம். உப்புக்கண்டம் என்கிறோம், எங்கள் வீடுகளில் சமைக்காத பொருள்தான், ஆனாலும் சொல்லுக்குச் சாட்சி. ஆக, ஒட்டியிருப்பது என்று பொருள்படும் சொல்லை, வெட்டியது என்று பொருள்படும் சொல்லால் மொழிபெயர்த்திருக்கிறோம்! இலக்கணத்தை ஆங்கிலச் சொல்லின் பொருளில் எழுதினோம். பட்டியலைத் தமிழ்ச் சொல்லின் பொருளில் எழுதினோம். அதனால்தான் இரண்டும் ஒத்துப்போகவில்லை.

நம் முன்னோரிடம் இதற்கு இரண்டு சொற்கள் இருந்தன. சமண உலக நூல்களில் கடலால் பிரிக்கப்படுவது தீவு, நாவலந்தீவு அப்படி. அதற்குள் ஏழு நாடுகள் சொல்லப்படும். அவற்றைப் பிரிப்பவை ஆறு மலைகள். அவற்றுள் ஒன்றான பரதத்தை ஒரு மலையும் கங்கை, சிந்து என்னும் இரு ஆறுகளும் ஆறு கண்டங்களாகப் பிரிக்கும். அந்த உலகப்படம் இன்றைய பூகோளத்தோடு பொருந்தும் என்று நான் வாதாடவில்லை. என் வியப்பு அதன் ஒழுங்கைப் பற்றியது. எத்தனை என்று சொல்லும் ஒவ்வோரிடத்திலும், எதனால் பிரிந்தது என்றும் சொல்லிவிடுகிறார்கள்.

இவ்விடத்தில் குமரிக் கண்டத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. சங்கத்தில் சில நண்பர்களுக்கு வருத்தம் வரலாம். ஆனாலும் சொல்லத்தான் வேண்டும். கந்தபுராணத்தில் வரும் குமரி கண்டம் பரத நாட்டின் ஒன்பது கூறுகளுள் ஒன்று. கடலில் மூழ்கிய பெருநிலம் அன்று. 1864-இல் ஸ்க்ளேட்டர் என்னும் ஆங்கில விலங்கியலாளர், லெமூர் என்னும் விலங்கினத்தின் பரவலை விளக்க லெமூரியா என்றொரு நிலத்தை ஊகித்தார். பின்னாளில் நம்மவர்கள் இலக்கியம் கூறும் கடல்கோளையும் இந்த லெமூரியாவையும் சேர்த்து, கண்டம் என்பதற்குக் 'காண்டினென்ட்' என்று பொருள் கொண்டார்கள். இந்தியாவும் மடகாஸ்கரும் ஒட்டியிருந்து பிரிந்தவை என்று நிலத்தட்டு அறிவியல் விளக்கியபின் லெமூரியா தேவைப்படவில்லை. அந்தப் பிரிவும் மனிதன் தோன்றுவதற்குக் கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன் நடந்தது. கூறு என்னும் சொல்லைப் பெருநிலம் என்று படித்ததில் எவ்வளவு தூரம் போய்விட்டோம், பாருங்கள்.

அறிவியல் தீர்த்துவைக்குமா?

என் மகன், "அப்பா, நிலத்தட்டை எண்ணிட்டாப் போச்சு" என்றான். எண்ணிப் பார்த்தேன். இந்தியா தனித் தட்டு, அரேபியா தனித் தட்டு, ஆனால் ஐரோப்பாவும் ஆசியாவின் பெரும்பகுதியும் ஒரே தட்டு. சைபீரியாவின் கிழக்குக் கோடியோ வட அமெரிக்கத் தட்டில் இருக்கிறது. நம் பட்டியலுக்கு இது உதவாது.

2017-இல் நியூசிலாந்தைச் சேர்ந்தோர் உள்ளிட்ட ஆய்வாளர்கள் ஜீலாண்டியா என்னும் நிலத்தைக் கண்டமாக ஏற்க வேண்டும் என்று எழுதினார்கள். சுமார் 49 லட்சம் சதுர கிலோமீட்டர். அதில் 94 விழுக்காடு கடலுக்கடியில். சோதிடர்கள் 'தண்ணியிலே கண்டம்' என்பார்களே, அது இதுதான் போலும்! வேடிக்கை இருக்கட்டும். அவர்கள் செய்த காரியம் நேர்மையானது. கடற்படுகையை விட உயர்ந்திருக்க வேண்டும், பாறை வகை இன்னது, மேலோட்டின் தடிமன் இன்னது, எல்லை தெளிவாக இருக்க வேண்டும், பரப்பும் போதிய அளவு வேண்டும் என்று அளவுகோலை முன்வைத்துவிட்டுப் பிறகு எண்ணினார்கள். மறுக்க விரும்புகிறவர் எந்த அளவை மறுக்கிறேன் என்று சொல்லலாம்.

அளவு என்றாலும் கோடு எங்கே என்பது மனித முடிவுதான். ஆஸ்திரேலியா சுமார் 77 லட்சம் சதுர கிலோமீட்டர், அது கண்டம். கிரீன்லாந்து சுமார் 22 லட்சம், அது தீவு. இடையில் கோடு போட்டவர்கள் நாம்.

ஒரு நூலைப் பற்றி

மார்ட்டின் லூயிஸ், காரென் விகன் என்னும் இரு அமெரிக்க அறிஞர்கள் 1997-இல் எழுதிய நூலை அண்ணன் மகன் வாங்கிக் கொடுத்தான். 'கண்டங்கள் என்னும் கட்டுக்கதை' என்று அதன் தலைப்பைத் தமிழில் சொல்லலாம். அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மூன்று மாதம் படித்தேன். ஐரோப்பாவைக் கண்டமாக்கியது இயற்கை அல்ல, பழக்கமும் பெருமிதமும் என்று அடுக்கடுக்காகக் காட்டுகிறார்கள். அதில் எனக்கு மறுப்பில்லை. மேற்கே நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு தீபகற்பம், பாதி உலக மக்களுக்கு மேல் வாழும் ஆசியாவுக்குச் சமமாக ஒரு வரியில் உட்கார்ந்திருப்பதன் அநீதியை அவர்கள் நன்றாக எடுத்துரைக்கிறார்கள்.

ஆனால் இரண்டு குறை சொல்வேன். கண்டங்களைக் கட்டுக்கதை என்றவர்கள், அவற்றுக்குப் பதிலாக வரலாறும் பண்பாடும் கொண்டு உலக வட்டாரங்களை வகுக்கிறார்கள். அதுவும் கோடுதான். தெற்காசியா ஒரு வட்டாரம், தென்கிழக்காசியா மற்றொன்று என்றால், சோழர் கலங்கள் போய்வந்த கடலை நடுவில் அறுத்தாயிற்று. எந்தக் கோடும் எதையாவது அறுக்கும். இரண்டாவது, அவர்கள் பெரும்பாலும் ஐரோப்பிய, அமெரிக்க எழுத்துகளைத்தான் விசாரித்தார்கள். பிற மொழிகளுக்குள் இக்கருத்து நுழைந்தபோது எந்தச் சொல்லில் ஏறி வந்தது, வந்த இடத்தில் என்ன குழப்பம் செய்தது என்பதை அந்தந்த மொழிக்காரர்கள்தான் பார்க்க வேண்டும். மேலே நான் செய்ததும் அந்தச் சிறு வேலைதான்.

என் முடிவு

அப்படியானால் எதுவும் சரிதானா? இல்லை. எங்கள் கடையில் அகலப் பாய் கேட்பவர்களுக்கு இரண்டு கோரைப்பாய்களை ஓரம் சேர்த்துத் தைத்துக் கொடுப்போம். பில்லில் அது ஒன்று. சரக்கு இருப்பில் இரண்டு. இரண்டும் பொய்யல்ல. ஆனால் இருப்புக் கணக்கிலேயே சில ஜோடியை ஒன்று என்றும் சிலதை இரண்டு என்றும் எழுதினால் ஆடிட்டர் பிடித்துக்கொள்வார்.

இந்தச் சோதனையை வைத்தால், கடலை மட்டும் அளவாகக் கொண்ட நாலு தேறுகிறது. குறுகிய கழுத்துள்ள இடங்களில் மட்டும் வெட்டுவேன் என்றால் சூயஸும் பனாமாவும் பிரியும், யூரல் பிரியாது; ஆறு வரும், அதுவும் தேறுகிறது. என் ஏழு, கழுத்தையும் வெட்டுகிறது, கழுத்தே இல்லாத யூரலையும் வெட்டுகிறது, தேறவில்லை. நியாயமாகச் சொன்னால் அந்தக் குழந்தையின் ஆறும் முழுதாகத் தேறாது. சூயஸை வெட்டியவர்கள் பனாமாவை விட்டுவிட்டார்கள். இரண்டும் அவரவர் பள்ளிக்கூட வழக்கு. வழக்குக்கும் பயன் உண்டு. முகவரி எழுத உதவும். ஆனால் என் வழக்கை வைத்து அவள் வழக்குக்குப் பூஜ்யம் போட எனக்கு உரிமை இல்லை.

சமணத் தருக்கத்தில் பலவற்றை ஒன்றாகத் தொகுத்துக் காண்பது சங்கிரக நயம். அதையே பயன் கருதிப் பிரித்துக் காண்பது வியவகார நயம். இரண்டும் பார்வைகளே. இது ஒன்றே உண்மை என்று பிடிவாதம் பிடிக்கும்போதுதான் பிழையாகிறது. இதை மேடைகளில் எத்தனையோ முறை பேசியிருக்கிறேன். நடுவர் நாற்காலியில் உட்கார்ந்ததும் மறந்துபோயிற்று.

எனக்கு அது மறந்திருக்கவே கூடாது. வந்தவாசிப் பக்கத்திலிருந்து 1979-இல் இந்த ஊருக்கு வந்தவன் நான். இங்கே மஸ்ஜித் பந்தர் வியாபாரிகளுக்குத் தெற்கத்தியார் அனைவரும் 'மதராசி'. மதராசியில் ஜைனன் உண்டா என்று என்னைக் கேட்டவர்கள் அநேகம். நம் தமிழர்களோ, ஜைனன் என்றதும் 'சேட்டா?' என்பார்கள். இரண்டு பட்டியலிலும் எனக்கு இடமில்லாமல் நின்றிருக்கிறேன். பட்டியல் போடுகிறவன் அளவுகோலைச் சொல்லாவிட்டால் பட்டியலுக்கு வெளியே நிற்கிறவனுக்கு எப்படி இருக்கும் என்பது எனக்குத் தெரியும். உங்களில் பலருக்கும் தெரியும். நம் பிள்ளைகள் இன்று ஒரு பாடத்திட்டம், நாளை தகப்பனாருக்கு வேலை மாற்றல் வந்தால் வேறொரு நாட்டுப் பாடத்திட்டம் என்று படிக்கிறார்கள். அவர்கள் சொல்லும் விடை நம் விடையோடு ஒத்துவராதபோது, "உங்க புத்தகத்துல எப்படிப் பிரிச்சிருக்காங்க, சொல்லும்மா" என்று ஒரு கேள்வி கேட்டால் போதும்.

சங்கப் பொறுப்பாளர்களுக்கு இரண்டு வேண்டுகோள். வினாடி வினாவில் இனி இக்கேள்வியை வைப்பதானால், இன்ன அளவின்படி எத்தனை என்று சேர்த்துக் கேட்க வேண்டும். இரண்டாவது, சென்ற பொங்கல் விழாவின் மதிப்பெண் ஏட்டில் அந்தக் குழந்தையின் பெயருக்கு எதிரே ஒரு மதிப்பெண் கூட்டி, என் கையெழுத்தையும் தேதியையும் போட அனுமதிக்க வேண்டும். மூன்றாம் பரிசு வாங்கிய பையனின் பரிசு அவனுக்கே இருக்கட்டும். சமமான இன்னொரு பரிசை என் செலவில் கொடுக்கிறேன். அதை அந்தக் குழந்தைக்கு, அன்று சிரித்த அதே அரங்கில் கொடுக்க வேண்டும்.